கறுப்பு டேப்

மறுபடியும் விட்டுவிட்டது. ஹாலின் நடுவில், தரையில் ஒட்டிய கறுப்பு டேப் கோடு கிளை பிரிகிற இடத்தில், நான் கட்டிய குட்டி வண்டி ஒரு கணம் மூக்கை என் பக்கம் திருப்புகிறது, வந்துவிட்டேன் என்பது போல. அப்புறம் என்ன நினைத்துக்கொள்கிறதோ, தலையை வெட்டிக்கொண்டு பழைய வட்டத்திலேயே ஓடிப்போகிறது. சோபாவைச் சுற்றி, சாப்பாட்டு மேசையின் காலடியில் நுழைந்து, டி.வி. ஸ்டாண்டை ஒட்டி, மறுபடியும் கிளை, மறுபடியும் அந்தப் பொய்த் திருப்பம். நான் படுக்கையறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். கையில் ஸ்க்ரூ டிரைவர். இதை எடுக்கத்தான் உள்ளே போனேன். திரும்பும்போது இரண்டு பாதங்களும் வாசலில் பதித்திருக்கிற கறுப்புக் கிரானைட் பட்டை மேல் வந்ததும் நின்றுவிட்டன. நிறுத்தியது நானில்லை. நான் போகத்தான் சொல்கிறேன். வலி இல்லை, மரத்துப்போகவும் இல்லை, தொட்டால் தெரிகிறது, கல்லின் குளிர்ச்சிகூடத் தெரிகிறது. ஆனாலும் ஆணி அடித்த மாதிரி நிற்கின்றன. முழங்காலுக்கு மேலே இருக்கிற சவரிமுத்து புறப்பட்டுவிட்டான், கீழே இருப்பவன் வர மாட்டேன் என்கிறான். மேலே இருப்பவன் ரொம்ப அவசரப்பட்டால் முகம் அடிபட விழ வேண்டியதுதான். போன தடவை அப்படித்தான் விழுந்தேன். புருவத்தில் தையல் போட்டார்கள். ரெஜினா கேட்டதற்கு பாத்ரூமில் சோப்பு வழுக்கிவிட்டது என்றேன். சோப்பு பாவம்.

ரெஜினா என் மகள், ஒரே மகள். சற்று முன்னால்தான் போன் செய்தாள். “ஜங்ஷன்ல இறங்கிட்டேன்ப்பா, ஆட்டோ புடிச்சிட்டேன், சாப்பாடு எதுவும் செய்யாதீங்க, நான் வந்து செய்யிறேன்.” சரிம்மா என்றேன், போனை மேசையில் வைத்தேன், அவள் வருவதற்குள் கிளையைச் சரி செய்துவிடலாம் என்று ஸ்க்ரூ டிரைவர் எடுக்க வந்தேன். வாசல் கதவு உள்தாழ்ப்பாள் போட்டிருக்கிறது. ஆட்டோ ஜங்ஷனிலிருந்து பொன்மலைக்கு வர எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது. வருவாள், மணி அடிப்பாள், நான் திறக்க மாட்டேன். கூப்பிடுவாள், என் குரல் அவளுக்குக் கேட்காது. இந்த நடுக்குவாத வியாதியில் குரலும் சிறுத்துவிடுகிறது. என் மனைவி பிலோமினா இருந்தபோது என் சத்தம் தெருமுனை வரை கேட்கிறது என்று திட்டுவாள், இப்போது எனக்கே என் சத்தம் கேட்பதில்லை. அப்புறம் எதிர்வீட்டுக்காரர், கடப்பாரை, உடைந்த கதவு, நடுவில் நான் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக. தையல் பிரித்த அன்றைக்கு அவள் என்னை பிலோமினா படத்துக்கு முன்னால் நிறுத்தி வாக்கு வாங்கினாள். “இன்னொரு தடவ ஏதாவது ஆச்சுன்னா வீட்டப் பூட்டிட்டு எங்கூட வந்துடணும். அம்மா மேல சத்தியமா.” சரி என்றேன். படத்தில் பிலோமினா வழக்கம்போல நீ செய்ய மாட்டாய் என்கிற முகத்தோடு இருந்தாள். பெரம்பூரில் ரெஜினாவின் வீடு ஐந்தாவது மாடி. ஹாலில் சோபாவை விரித்துப் போட்டு எனக்குப் படுக்கை. தரை முழுக்கப் பளபளக்கிற கறுப்புக் கிரானைட். என் வண்டி அங்கே ஓடாது. எல்லாமே கறுப்பாக இருந்தால் எது கோடு என்று அதற்கு எப்படித் தெரியும். சால்டரிங் புகை பட்டால் மாப்பிள்ளைக்கு அடுக்குத் தும்மல் வரும், ஆனால் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார், எழுந்து பால்கனிக்குப் போய்த் தும்முவார். நல்லவர்கள். அதுதான் சிக்கல். கெட்டவர்களாக இருந்தால் வர மாட்டேன் என்று சொல்லிவிடலாம்.

வண்டி என்கிறேனே தவிர டிபன் பாக்ஸ் அளவுதான். இரண்டு சக்கரம், சக்கரத்துக்கு ஒரு மோட்டார், பின்னால் ஒரு உருளை, நடுவில் பேட்டரி, முன்னால் தரையைப் பார்த்தபடி ஐந்து கண்கள். கண்கள் வெளிச்சத்தைக் கீழே அடிக்கும். வெள்ளை டைல்ஸ் அதைத் திருப்பித் தரும், கறுப்பு டேப் விழுங்கிவிடும். எந்தக் கண்ணுக்கு வெளிச்சம் திரும்பி வரவில்லையோ அந்தப் பக்கம் கோடு இருக்கிறது என்று வண்டி தெரிந்துகொண்டு திரும்பும். அவ்வளவுதான் சங்கதி. முதல் நாள் ஒரு மோட்டாரின் வயரை மாற்றிக் கொடுத்துவிட்டேன், நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுற்றியது, நான் தரையில் உட்கார்ந்து சிரித்தேன், பிலோமினா போன பிறகு அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான். இந்தக் கை இருக்கிறதே, இந்த வலது கை, சும்மா இருந்தால்தான் ஆடும். டி.வி. பார்த்தால் ஆடும், பூசையில் உட்கார்ந்தால் ஆடும். சால்டரிங் கம்பியைப் பிடித்து வேலையில் இறங்கினால் அடங்கிவிடும். அதற்காகத்தான் வண்டி கட்ட ஆரம்பித்தேன். கைக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருந்தால் அதற்கு ஆட நேரமிருக்காது என்று ஒரு நப்பாசை. ரெஜினாவிடம் பொழுதுபோக்கு என்று சொன்னேன். அவள் தன் சிநேகிதிகளிடம் எங்கப்பா ரோபோ செய்கிறார் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறாள். காலுக்கு என்ன வேலை கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

போகிறது. என் மாத்திரை டப்பாவை முதுகில் ரப்பர் பேண்டால் கட்டிக்கொண்டு போகிறது. நான்தான் கட்டிவிட்டேன். காலையில் முதல் மாத்திரை உடம்பில் ஏறுகிறவரை கட்டிலை விட்டு எழுந்திருப்பது பெரும்பாடு. வண்டி மேசையிலிருந்து படுக்கையறை வரை டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தால் நன்றாக இருக்குமே என்றுதான் இன்றைக்கு விடிந்ததும் இந்தக் கிளையைப் புதிதாக ஒட்டினேன். ஒட்டுகிற மும்முரத்தில் அடுத்த மாத்திரையைப் போட மறந்துவிட்டேன். மாத்திரை வண்டியில், நான் வாசலில். காலை முழுக்க அதன் திருப்பும் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தாகிவிட்டது. கூட்டினால் குடித்தவன் மாதிரி இரண்டு பக்கமும் ஆடிக்கொண்டு போகிறது. குறைத்தால் கிளையைக் கண்டுகொள்வதே இல்லை. ஒரு கோளாறைத் தப்பான இடத்தில் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று உள்ளுக்குள் ஏதோ சொல்கிறது. ரயில்வேயில் சிக்னல் மெயின்டெய்னராக இருந்தவனுக்கு அந்தக் குரல் பழக்கம். தண்டவாளம் பிரிகிற பாயின்ட் மாறவில்லை என்று மோட்டாரையே பிரித்துப் பார்த்துக்கொண்டிருப்போம், கடைசியில் தண்டவாள இடுக்கில் ஒரு ஜல்லிக்கல் சிக்கியிருக்கும். என் காலுக்குள் எந்த ஜல்லி சிக்கியிருக்கிறது. ஒன்று இரண்டு மூன்று என்று சொல்லிப் பார்த்தேன், மூன்றில் தோள் மட்டும் முன்னால் போனது. பாட்டுப் பாடிப் பார்த்தேன், மாதா பாட்டு ஒன்று, பல்லவியோடு நின்றது. குதிகாலைத் தூக்கினால் பாதம் படபடவென்று அடித்துக்கொள்கிறதே தவிர நகரவில்லை. மூக்கு நுனியில் ஒரு ஈ. கையால் விரட்டலாம், ஆனால் வலது கை உயர்ந்தால் உடம்பு சாயும், சாய்ந்தால் விழும். ஈ இருக்கட்டும்.

கோயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இப்படித்தான். நன்மை வாங்கும் வரிசையில் போய்க்கொண்டிருந்தவன் நடுவழியில் நின்றுவிட்டேன். பின்னால் நின்றவர்கள், சவரிமுத்து அண்ணன் ஆண்டவரோடு பேசிக்கொண்டிருக்கிறார் போல என்று பக்தியோடு காத்திருந்தார்கள். கடைசியில் சாமியாரே இறங்கி வந்து அப்பத்தை நாக்கில் வைத்துவிட்டுப் போனார். அதிலிருந்து எனக்கு ஊரில் பக்திமான் என்று பெயர். அதே நாள் வெளியே வரும்போது கோயில் படிக்கட்டில் தடதடவென்று இறங்கினேன். அதுதான் புரியவில்லை. படியில் ஏறுகிறேன், இறங்குகிறேன், வெறும் தரையில் நிற்கிறேன். படிதானே கஷ்டம், தரைதானே சுலபம். போன மாதம் என்னோடு பழைய சிக்னல் கேபினில் வேலை பார்த்த அருள்தாஸ் ஓய்வு பெறுகிறான் என்று ரயில்வே யார்டுக்குப் போனபோது, பையன்கள் பார்க்கிறார்களே என்று தண்டவாளத்தின் நடுவில் கட்டை கட்டையாகத் தாண்டி நடந்தேன், இருபது வயசுக்காரன் மாதிரி. அருள்தாஸ்கூட “ஒனக்கா வியாதிங்கிறாங்க” என்றான். அவன் வீட்டுக் கூடத்துக்குள் நுழையும்போது வாசலில் ஒட்டிக்கொண்டேன், செருப்புக் கழற்றுகிற மாதிரி குனிந்து சமாளித்தேன். டாக்டரிடம் போனாலும் அப்படியே. அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் வெள்ளையும் சிவப்புமாகப் பட்டை பட்டையாக டைல்ஸ். “கொஞ்சம் நடந்து காட்டுங்க” என்றார். விறுவிறுவென்று நடந்து காட்டினேன். “நடை நல்லாத்தான் இருக்கு. வீட்ல எங்கயாவது கால் ஒட்டிக்கிற மாதிரி இருக்கா?” இல்லை டாக்டர் என்றேன். பக்கத்தில் ரெஜினா உட்கார்ந்திருந்தாள், வேறென்ன சொல்வேன். “வழியில சாமான், வயரு எதுவும் இல்லாம தரையச் சுத்தமா வெச்சிக்கோங்க” என்றார், அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். படியில் போகிறேன், கட்டையில் போகிறேன், பட்டை டைல்ஸில் போகிறேன். இங்கே நிற்கிறேன். இதற்குள் என்னவோ இருக்கிறது, கைக்கு எட்டுகிற மாதிரி வருகிறது, அதற்குள் வண்டி கிளைக்கு வருகிறது, அதைப் பார்க்கிறேன், விட்டுவிடுகிறது, நினைத்ததும் விட்டுப்போகிறது.

எனக்குப் பயமாக இருக்கிறது. ஆட்டோவின் சத்தம் கேட்கிற மாதிரி இருந்தது, இல்லை, அது கேஸ் வண்டி. நாளைக்குப் பேச்சு இப்படி நடுவாக்கியத்தில் நின்றால் என்ன செய்வேன். விழுங்குவது நின்றால். உள்ளே ஒருவன் முழுசாக இருந்துகொண்டு வெளியே எதுவும் அசையாமல், பிள்ளைகள் டி.வி. பார்க்கிற ஹாலில் சோபாவில். சிக்னலில் ஒரு விதி உண்டு: எங்கே எது பழுதானாலும் சிவப்புதான் விழ வேண்டும். கம்பி அறுந்தாலும் சிவப்பு, கரண்ட் போனாலும் சிவப்பு. ரயில் நிற்பதில் ஆபத்தில்லை, போவதில்தான் ஆபத்து. வேலை பார்த்த காலம் முழுக்க அதையே மந்திரம் மாதிரி சொல்லிப் பழகிவிட்டதால் இந்தச் சின்ன வண்டிக்கும் அப்படியே புரோகிராம் எழுதி வைத்தேன். வழியில் குறுக்காக ஒட்டியிருக்கிற டேப் துண்டுகள் அதற்கு ஸ்டேஷன். கறுப்பு சட்டென்று கடந்துபோனால் ஒரு ஸ்டேஷன் என்று கணக்கு வைத்துக்கொள்ளும். கறுப்பு முடியாமல் நீண்டுகொண்டே போனால் ஏதோ கோளாறு என்று நின்றுவிடும். இன்டர்நெட்டில் வண்டி கட்டுகிற பையன்கள் எல்லோரும், சந்தேகம் வந்தால் நேராகப் போ என்றுதான் எழுதுகிறார்கள். எனக்குக் கை வரவில்லை. சந்தேகம் வந்தால் நில். என் உடம்புக்கும் யாரோ ஒரு சிக்னல்காரன்தான் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.

இது ஆட்டோதான். கேட் கிறீச்சிடுகிறது. மணி அடிக்கிறது. “அப்பா.” வர்றேன்மா என்கிறேன், ஈக்குத்தான் கேட்டிருக்கும். மறுபடி மணி. “ப்பா, நாந்தான்.” போகச் சொல்கிறேன், கால் போகவில்லை. கெஞ்சுகிறேன், என் கால்களை நானே கெஞ்சுகிறேன், இன்றைக்கு ஒரு நாள் மட்டும் போங்கள் என்று. வியர்வை கண்ணில் இறங்குகிறது. மேசை மேல் போன் அடிக்கிறது, அவள்தான் வெளியே இருந்து அடிக்கிறாள், அது தன்பாட்டுக்கு மேசையில் துள்ளுகிறது. வண்டியின் சத்தம் மாறியிருக்கிறது. கீச்சென்று இருந்தது கரகரக்கிறது. பேட்டரி இறங்குகிறது. காலையிலிருந்து ஓடினால் இறங்காதா. மெதுவாகிவிட்டது, என் மாதிரி நடக்கிறது, மேசைக் காலைத் தாண்டி, டி.வி. ஸ்டாண்டைத் தாண்டி, கிளைக்கு வந்து மூக்கைத் திருப்புகிறது, தலையை வெட்டவில்லை, திரும்பியேவிட்டது. அடப்பாவி, வேகம்தானா. காலையிலிருந்து திருப்பத்தை மாற்றிக்கொண்டிருந்தேனே, குறைக்க வேண்டியது ஓட்டத்தையா. வருகிறது. நேராக என்னைப் பார்த்து வருகிறது, முதுகில் டப்பா குலுங்க. கிரானைட் பட்டையின் ஓரத்துக்கு வந்து ஐந்து கண்ணும் கறுப்பைப் பார்க்க, இன்னும் கொஞ்சம் நகர்ந்து பார்த்துவிட்டு, சரி, கோளாறு என்று நின்றுவிட்டது. என் கட்டைவிரல்களை இடிக்காத குறை. “கதவத் தொறங்கப்பா” என்று ரெஜினா தட்டுகிறாள், குரல் உடைந்திருக்கிறது. வண்டியை மிதித்துவிடக் கூடாது, கண்கள் நொறுங்கிவிடும், கஷ்டப்பட்டு சால்டர் செய்தது. அதைத் தாண்டித்தான் போக வேண்டும். வலது கால் எழுந்தது. அப்படியே எழுந்தது, எதுவுமே நடக்காதது போல, முழங்கால் மடங்கி, வண்டிக்கு மேலே போய், அந்தப் பக்கம் வெள்ளைத் தரையில் இறங்கியது. இடது காலும் பின்னாலேயே வந்தது. நான் ஹாலில் நிற்கிறேன்.

அந்தப் பக்கம் ஒரு எட்டில் முதல் ஸ்டேஷன், குறுக்கே ஒரு கறுப்புத் துண்டு. அதைத் தாண்டினேன். அடுத்தது, அதையும் தாண்டினேன். படி, தண்டவாளக் கட்டை, ஆஸ்பத்திரிப் பட்டை. ஜல்லிக்கல் அகப்பட்டுவிட்டது. என் காலுக்கு வழியில் ஒன்றும் இல்லாததுதான் பிரச்சினை. தாண்டுவதற்கு ஏதாவது இருந்தால் அது நடக்கும். மேசையைச் சுற்றி, கறுப்பு கறுப்பாகத் தாண்டிக்கொண்டே கதவு வரை வந்தேன், எனக்குச் சிரிப்பு வந்தது, பிலோமினாவிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது. தாழ்ப்பாளைத் தள்ளினேன்.

“ஏம்ப்பா இவ்ளோ நேரம்? எனக்கு உசுரே போயிடுச்சு.” அவள் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. “பாத்ரூம்ல இருந்தேன்மா” என்றேன். எவ்வளவு சரளமாக வருகிறது. அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள், புருவத்துத் தழும்பைப் பார்த்தாள், நின்றுகொண்டிருக்கிறேன், விழவில்லை, திருப்தியாகிப் பையை இறக்கினாள். அப்புறம் தரையைப் பார்த்தாள். “என்னப்பா இது, வீடு பூரா?” வண்டிக்கு என்றேன். “வண்டிக்கு நடுவுல ஒரு வட்டம் போட்டா பத்தாதா. நடக்குற வழியெல்லாம் ஒட்டி வெச்சிருக்கீங்க, நுனி பேந்து கால்ல மாட்டுச்சுன்னா? டாக்டர் என்ன சொன்னாரு?” சொல்லிக்கொண்டே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் அம்மாவும் அப்படித்தான், வந்ததும் துணிகூட மாற்றாமல் வேலையில் இறங்கிவிடுவாள். நகத்தால் ஒரு நுனியைக் கிளப்பினாள். சர்ரென்று வந்தது. அடுத்த துண்டு. அதற்கடுத்தது. உரித்ததை எல்லாம் இடது கை விரல்களில் ஒட்டிக்கொண்டே போனாள். எனக்கு முன்னால் வெள்ளைத் தரை கொஞ்சம் கொஞ்சமாக அகலமாகிக்கொண்டே போனது.

பேசாமல் இருந்துவிடலாம். பேசாமல் இருந்தால் ஞாயிறு சாயங்காலம் திருப்தியாக ரயில் ஏறுவாள், திங்கட்கிழமை நான் மறுபடி ஒட்டிக்கொள்வேன், வீடு என்னிடம் இருக்கும். இரண்டு நாள்தானே, சுவரைப் பிடித்துக்கொண்டு, செருப்பு மாட்டுகிற மாதிரி, பக்திமான் மாதிரி. ஆனால் தட்டும்போது அந்தக் குரல் உடைந்ததை நான் கேட்டுவிட்டேன். இன்னொரு தடவை அவள் கதவுக்கு வெளியேயும் நான் உள்ளேயும் நிற்க எனக்குத் தெம்பு இல்லை. “ரெஜி” என்றேன். வண்டி ஓடாத வீட்டில் என் குரல் கேட்டது. “அத உரிக்காத.”

“ஏன்?”

சொல்வதற்குப் பதில் அவளிடம் போகலாம் என்று கிளம்பினேன். உரித்த தரைக்கு வந்ததும் பாதம் ஒட்டிக்கொண்டது. நடிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு காலைப் பார்த்தாள், ரொம்ப நேரம் காலையே பார்த்தாள். “கையில இருக்குல்ல, அதுல ஒரு துண்ட எம் முன்னாடி குறுக்க ஒட்டு” என்றேன். ஒட்டினாள். தாண்டினேன். உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்து இன்னொன்று ஒட்டினாள். அதையும் தாண்டினேன்.

“எத்தன நாளா இப்பிடி?”

“கொஞ்ச நாளா.”

“அன்னிக்கு சோப்பு?”

“சோப்பு இல்லம்மா.”

அவள் அழவில்லை. மீதி டேப்பை விரலிலிருந்து பிரித்து, எடுத்த இடத்திலேயே ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்துக் கட்டைவிரலால் தேய்த்தாள். ஒட்டு போயிருந்தது, நுனி எழும்பிக்கொண்டே இருந்தது, அவள் தேய்த்துக்கொண்டே இருந்தாள். சுவரில் பிலோமினாவும் பார்த்துக்கொண்டிருந்தாள். படுக்கையறை வாசலில் வண்டி நின்ற இடத்தில் நின்றது. கடைசித் துண்டைத் தேய்த்து முடித்துவிட்டு, தலையைத் தூக்காமலே ரெஜினா சொன்னாள்.

“எங்க வீட்டுத் தர கறுப்புப்பா. இது வெள்ளையில கெடைக்குமா?”

மேசை, டி.வி. ஸ்டாண்ட், சால்டரிங் கம்பி, சோபாவைச் சுற்றி நான் ஒட்டிய வட்டம், எல்லாவற்றையும் ஒரு தடவை பார்த்தேன்.

“கெடைக்கும்மா” என்றேன். “எல்லாக் கலர்லயும் கெடைக்கும்.”